மாடு இழுத்த மோனோ ரயில் தெரியுமா? குரங்கணிக் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் அதிசயங்கள்!

போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் குரங்கணி. அங்கிருந்து காட்டு வழியே ஏறினால் உச்சியில் டாப் ஸ்டேஷன், அதைத் தாண்டினால் மூணாறு. இன்று வனத்துறை அனுமதியில்லாமல் யாரும் கால் வைக்க முடியாத, ஆள் நடமாட்டம் குறைந்த பாதை இது. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன்காரர்கள் குடித்த மூணாறு டீ இந்தச் சரிவு வழியாகத்தான் கீழே இறங்கியது. நம்ப முடிகிறதா? இன்னும் இருக்கிறது, வாருங்கள்!

இன்று ரயிலே ஓடாத மலையில் எதற்கு ‘ஸ்டேஷன்’ தெரியுமா?

டாப் ஸ்டேஷன், ஏறும் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன். இரண்டும் தேனி மாவட்டக் குக்கிராமங்கள். இரண்டிலும் இன்று தண்டவாளம் இல்லை. இவை ரோப்வே நிலையங்கள்! மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி, சுமார் 5 கிலோமீட்டர் தூரம் காட்டுக்கு மேலே பயணம் செய்து கொட்டகுடியில் இறங்கின. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி, கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம், அப்புறம் கப்பல். வேலை நின்று வெகு காலம் ஆகிவிட்டது. ஊர்ப் பெயர் மட்டும் இன்னும் டூட்டியில் இருக்கிறது!

மோனோ ரயிலை மாடு இழுத்தது தெரியுமா?

மோனோ ரயில் என்றால் இன்று பெருநகரம்தான் ஞாபகத்துக்கு வரும். 1902லேயே மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மோனோ ரயில் ஓடியிருக்கிறது. இழுவை விசை எது? காளை மாடுகள்! தரையில் ஒரே ஒரு தண்டவாளம். சுமையில் பெரும்பகுதியை அதன்மேல் உருளும் சிறு சக்கரங்கள் தாங்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். பழகாத பிள்ளையின் சைக்கிளுக்குத் துணைச் சக்கரம் மாட்டுகிறோமே, அந்த ஏற்பாடுதான். இதற்கு ‘யூயிங் முறை’ என்று பெயர். ஒரு தண்டவாளம் போதும், செலவு குறைவு, வளைவு நெளிவான மலைச்சாலை ஓரத்திலேயே போட்டுவிடலாம். எஸ்டேட் துரைமார் கணக்கில் கெட்டிக்காரர்கள்!

அதே மலையில் நீராவி ரயிலும் ஓடியது தெரியுமா?

தேயிலை பெருகப் பெருக, மாடுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1908ல் மோனோ ரயிலை எடுத்துவிட்டு, 2 அடி அகல இருப்புப்பாதை போட்டார்கள். அதுதான் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். மாட்டுப்பட்டி, பாலாறு என்று வழியில் நிலையங்கள் வேறு! இன்று மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஜீப்பில் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய ரயில் தடத்தின் மேல்தான் போகிறார்கள். பலருக்கு அது தெரியாது. மூணாற்றில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் பின்னாளில் தேயிலை நிறுவன அலுவலகமாகிவிட்டது!

ஒரே மழை ஒரு ரயிலை விழுங்கியது தெரியுமா?

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கிறார்களே, அதே வெள்ளம். மலை சரிந்தது, ஆறுகள் பெருகின, தண்டவாளமும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின. மறுபடி அந்த ரயிலை யாரும் கட்டவே இல்லை. ஆலுவாவிலிருந்து பூயம்குட்டிக் காட்டு வழியாக மூணாறு வந்த பழைய சாலையும் அதே மழையில் சிதைந்தது. இப்போது நாம் போகும் நேரியமங்கலம் சாலை அதற்குப் பிறகு வந்தது. மாடு இழுத்த காலத்தையும் சேர்த்தால்கூட ரயிலின் ஆயுள் 22 வருஷம்தான்!

அந்த ரயில் எத்தனை குறிஞ்சி பார்த்தது தெரியுமா?

நீலக்குறிஞ்சி இந்த மலைகளில் 12 வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும். 2006, 2018 என்று வந்த கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள்: 1922, 1910. நீராவி ரயில் பார்த்தது மொத்தமே இரண்டு பூப்பு! அடுத்தது 2030.

இந்த மலையின் முதல் வழிகாட்டிகள் யார் தெரியுமா?

துரைமாரும் இல்லை, ரயில்காரர்களும் இல்லை. முதுவர் பழங்குடியினர்! மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. ஐரோப்பியர் தேயிலைக்கு நிலம் தேடி இந்தக் காட்டுக்குள் நுழைந்தபோது தடம் காட்டியவர்கள் இவர்கள். பின்னால் எஸ்டேட் வேலைக்காகப் பாண்டிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏறிய தமிழ்த் தொழிலாளர்களும் கால்நடையாகவே மலை கடந்தார்கள். பெட்டிக்கு ரோப்வே, ஆளுக்கு நடை!

இப்போது ஏன் இத்தனை கட்டுப்பாடு தெரியுமா?

2018 மார்ச் 11. குரங்கணிக்கு மேலே, கொழுக்குமலைப் பக்கத்துச் சரிவில் காய்ந்த புல்லில் பற்றிய காட்டுத்தீ, மலையேற்றத்துக்கு வந்தவர்களைச் சூழ்ந்துகொண்டது. 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கோடையில் இங்கே ஆள் உயரப் புல் சருகாகிவிடும். காற்று ஏறினால் தீ மேல்நோக்கி ஓடும், மனிதக் கால் அதை முந்த முடியாது. அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. ஆகவே தேனிப்பக்க நண்பர் யாராவது ‘குறுக்கு வழி தெரியும், வா’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள். அனுமதி, வழிகாட்டி, பருவம் மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

கடைசியாக ஒன்று: அந்த மோனோ ரயிலின் பங்காளி இன்னும் இருப்பது தெரியுமா?

பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானம் 1907ல் இதே யூயிங் முறையில் ஒரு மோனோ ரயில் போட்டது. அதன் நீராவி எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒற்றைத் தண்டவாளம், பக்கத்தில் பெரிய சக்கரம், எல்லாம் அப்படியே! காணாமல் போன நம்ம ஊர் ரயில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், குரங்கணிக்கு முன்னால் டெல்லிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்!