வாய்க்கால் தண்ணீர் நிறம் மாறினால் யாரிடம் சொல்வது?

திருக்கடையூர் பக்கத்து வயல்களுக்கு மேட்டூர் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். மேலே ஆற்றில் கலக்கும் உப்பும் சாயமும் கீழ்நோக்கித்தான் வரும். கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். இடையில் இறால் குட்டைகள். இரண்டு பக்கமும் பார்த்துப் பயிர் செய்ய வேண்டிய கடைமடை இது.

ஒருநாள் வாய்க்கால் தண்ணீர் நுரைத்தோ, நிறம் மாறியோ, கரித்தோ வந்தால் லஸ்கரிடம் சொல்வீர்கள்; வி.ஏ.ஓ.விடம் சொல்வீர்கள். இந்த வேலைக்கென்றே அரசு நியமித்திருக்கும் ஒருவர் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. அவர்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர்.

அவர் வேலை என்ன?

1974-ம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, கழிவுநீர் வெளியேற்றும் எந்த ஆலையும் வாரியத்திடம் இசைவாணை பெற வேண்டும். எவ்வளவு கழிவுநீர், எந்த இடத்தில், எந்தத் தரத்தில் விடலாம் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். அதன்படி நடக்கிறதா என்று ஆலைக்குள் போய்ப் பார்ப்பது பொறியாளரின் வேலை. மீறினால் ஆலையை மூடவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம்.

ஆனால், நடவடிக்கை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் ஒரு புட்டித் தண்ணீரில்தான். சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லும் முறை இது: பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப்போவதாக ஆலைத் தரப்புக்கு அங்கேயே அறிவிப்பு தர வேண்டும். அவர்கள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் நீதிமன்றத்தில் அந்த மாதிரி நிற்காது. நீங்கள் எடுத்து வைக்கும் பாட்டில் தண்ணீர் பொறியாளருக்குத் துப்பு கொடுக்கும். சட்டப்படியான மாதிரி ஆகாது. கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்தால்தான் வழக்கு வலுக்கும்.

நொய்யல் தந்த பாடம்

காவிரியின் துணை ஆறான நொய்யலில், சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. திருப்பூர் சாயக் கழிவு தேங்கியதால், பாசனத்துக்கென்று கட்டிய அணை கழிவுநீர்த் தொட்டியானது. ஆயக்கட்டு விவசாயிகள் தங்கள் சங்கத்தின் பேரில் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரி 28-ல் சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது உப்பு. துணியில் சாயம் பிடிக்க உப்பு சேர்க்கிறார்கள். சுத்திகரிப்பில் நிறம் போய்விடும், உப்பு போகாது. அதைப் பிரிக்க சவ்வு வடிகட்டியும், தண்ணீரை ஆவியாக்கும் கருவியும் வேண்டும். தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல.

'அளவுக்குள் இருக்கிறது' என்றால்?

பரிசோதனை முடிவில் 'அளவுக்குள் இருக்கிறது' என்று வந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வாரியம் அனுமதிக்கும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். மின் கடத்தும் திறனில் சொன்னால் ஏறத்தாழ 3.3 டெசிசைமன்ஸ். பாசன நீருக்கான உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டியில் 0.7-க்குக் கீழே பிரச்சினை இல்லை. 3-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு தேவை. அதாவது, ஆலைக்கு 'சரி' என்ற தண்ணீர், வேறு தண்ணீர் கலக்காமல் வந்தால் உங்கள் நாற்றங்காலுக்குச் சரியில்லை. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் தருணத்திலும் நெல் உப்பைத் தாங்காது. ஆகவே முடிவைக் கேட்கும்போது எண்ணைக் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* நாள், நேரம், மதகு அல்லது பாலத்தின் பெயரை உடனே குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுங்கள். கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாக எடுங்கள்.

* தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். மறுநாள் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

* இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டை, அதில் தொடர்புடையவர்கள் பார்க்கலாம் என்று 25-வது பிரிவு சொல்கிறது. அந்த வாய்க்காலில் பாசனம் செய்யும் நீங்கள் அதைக் கேட்டுப் பாருங்கள்.

* கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவைப் பதிவு செய்யுங்கள். தனி ஆளாக அல்ல, பாசன சங்கமாகப் போங்கள்.

உதவி வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலை நுனி வெளுத்துக் காய்வதும், வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாவதும் உப்பின் அடையாளங்கள். சத்துக் குறைபாடு என்று உரம் எழுதிக் கொடுக்கும் முன், பாசன நீரையும் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். அந்த அறிக்கை பயிர் பாதிப்புக்கு ஆதாரமாகவும் உதவும்.

இறால் குட்டை பக்கத்தில் இருந்தால்

காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பளித்தது. பிறகு 2005-ல் வந்த சட்டப்படி, பண்ணைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அடுத்த வயல் குட்டையாகிறது என்றாலோ, குட்டை நீர் பாசன வாய்க்காலில் இறங்குகிறது என்றாலோ மீன்வளத் துறை அலுவலகத்திலும் கலெக்டரிடமும் மனு கொடுங்கள்.

டெல்டாவைக் காக்க 2020-ல் தனிச் சட்டம் வந்தது. தோல் பதனிடுதல் போன்ற தொழில்கள் வேளாண் மண்டலத்துக்குள் புதிதாக வருவதை அது தடுக்கிறது. மண்டலத்துக்கு வெளியே ஆற்றில் கலந்து வருவதை அது தடுக்காது. அதைத் தடுக்கும் அதிகாரம் பொறியாளரின் வாரியத்துக்கு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மதகிலும் அவரால் நிற்க முடியாது. விடியற்காலையில் மண்வெட்டியோடு மடை திறக்கப் போகிறவர் நீங்கள். நிறம் மாறியதை முதலில் பார்ப்பதும் நீங்கள்தான். அடுத்த முறை பார்த்ததும் போனை எடுங்கள்.