கூடாரத்திலிருந்து பள்ளிக்குப் போகும் தோரு

சிறுவயதிலேயே தந்தையை இழந்தவள். தாயையும் கார் விபத்து கொண்டுபோய்விட்டது. அடைக்கலம் தந்த தாத்தா வீட்டிலோ மராமத்து வேலை. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று தோரு ஹோண்டா காட்டோரத்தில் கூடாரம் அடித்துக்கொள்கிறாள். பகலில் பள்ளி, மாலையில் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிப்பதாகத் தாய்க்குக் கொடுத்த வாக்கு அவளை ஓடவைக்கிறது.

நட்சுக்கி தக்காயாவின் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) இப்படித்தான் தொடங்குகிறது. ஜப்பானில் ‘ஹனா தோ யுமே’ இதழில் 1998 முதல் 2006 வரை தொடராக வந்து, 23 தொகுதிகளாக நிறைவுற்றது. 2001இல் கொடான்ஷா மங்கா விருது பெற்றது. சிங்கப்பூரில் ‘சுவாங் யி’ நிறுவனம் இதை ஆங்கிலத்தில் வெளியிட்டது.

கதையின் புதிருக்கு இங்கே விளக்கவுரை தேவையில்லை. தோருவுக்கு இடம் கொடுக்கும் சோமா குடும்பத்தில் சிலரை எதிர்பாலினத்தவர் கட்டிப்பிடித்தால் சீன ராசி விலங்காக மாறிவிடுவார்கள். எலி ஆண்டு, புலி ஆண்டு என்று சீனப் புத்தாண்டுதோறும் கேட்டே வளரும் சிங்கப்பூரின் ஈசூன் பிள்ளைகளுக்கு அந்தப் பன்னிரண்டும் அத்துப்படி. பழங்கதைப்படி, கடவுளின் விருந்து மறுநாள்தான் என்று எலி பொய் சொன்னதால் ராசியில் இடம் இழந்தது பூனை. அந்தக் கதையைக் கேட்டு அழுத குழந்தை தோரு, தான் பூனை ஆண்டில் பிறந்தவளாகவே இருக்க வேண்டும் என்கிறாள். பின்னாளில் அவள் மனம் சாய்வதும் பூனையாக மாறும் கியோவிடம்தான்.

எந்நேரமும் சிரித்தபடி பிறருக்காக உழைக்கும் பெண்ணைத் தெய்வமாக்கிவிடுவது கதாசிரியர்களுக்குச் சுலபம். தக்காயா அதைச் செய்யவில்லை. தோருவின் மட்டுமீறிய பணிவான பேச்சு, இறந்த தந்தையின் பேச்சு நடை. கணவருக்குப் பின்னால் தாயும் போய்விடுவாரோ என்ற பயத்தில், சிறுமி தந்தையைப் போலவே பேசத் தொடங்கினாள். உழைப்புக்குப் பின்னால் பதுங்கியிருந்த அந்தத் துக்கத்தை அவள் வாய்விட்டுச் சொல்லும் இடத்தில்தான் காதலும் கனிகிறது. பதின்ம வயதினருக்கு இதைவிட நேர்மையான காதல் கதை வாய்ப்பது அரிது.

2019 முதல் 2021 வரை முழுக்கதையும் அனிமேயாக வந்தது. ஆனாலும் முதலில் புத்தகத்தையே எடுங்கள். நார்த்பாயிண்ட் சிட்டியில் இருக்கும் ஈசூன் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மகளோ மகனோ ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தால், முதல் தொகுதியை வாங்கி நீங்களும் படியுங்கள்.