ஒரு சக்கரம் மட்டும் சேற்றில் சுழன்றால்...

ஈர வயலில் டிராக்டரின் ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழல, மற்றது அசையாமல் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமாக ஓட உதவும் டிபரன்ஷியலே இதற்குக் காரணம். அது இரு சக்கரங்களுக்கும் விசையைச் சமமாகவே பங்கிடும். வழுக்கும் சக்கரம் ஏற்கும் சொற்ப விசைதான் கெட்டித் தரையிலுள்ள சக்கரத்துக்கும் கிட்டும்.

டிபரன்ஷியல் லாக் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். கிளட்சை மிதித்து, சக்கரம் நின்றபின் லாக்கைப் போட வேண்டும். நேராகச் செல்லும்போது மட்டுமே பயன்படுத்தலாம். லாக்குடன் திருப்பினால் பற்சக்கரங்கள் முறியும்; வண்டியும் திரும்பாமல் நேரே வாய்க்காலில் இறங்கக்கூடும்.

லாக் இல்லாத பழைய டிராக்டருக்கு அதைத் தனியே பொருத்தச் செலவிடலாமா? நஞ்சையில் சேற்றுழவே முக்கிய வேலை எனில் முதலில் கேஜ் சக்கரம் வாங்குவதே மேல். இரு சக்கரமும் வழுக்குமிடத்தில் லாக் அதிகம் உதவாது. மண்ணைப் புரட்டும் கலப்பையால் புஞ்சையில் உழுவோருக்கோ, ஒரு சக்கரம் சாலிலும் மற்றது மேட்டிலும் ஓடுவதால், லாக் அன்றாடம் பயன்படும்.

சிலர் புதைந்த சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஓட்டுகின்றனர். இது உயிருக்கே ஆபத்து. சக்கரம் சுழல முடியாதபோது முன்பக்கம் எகிறி, வண்டி ஓட்டுபவர் மீதே கவிழும். பின்னோக்கி எடுத்துப் பார்த்து, வராவிட்டால் வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுக்க வேண்டும்.