கைபிடிக்க ஒருத்தி: பேறுகாலத் துணையும் பிரசவ ஆயத்தமும்

வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறந்து மார்பில் வாய் வைக்கும் வரை தாயை விட்டு நகராமல் இருப்பவர் பேறுகாலத் துணை. இடுப்பைத் தேய்த்துவிடுவது, இரண்டு மடக்கு தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்க வைப்பது, பயப்படும்போது கையைப் பிடித்துக்கொள்வது, டாக்டர் சொன்னதைப் புரியும்படி திருப்பிச் சொல்வது ஆகியவை அவருடைய வேலை. பயிற்சி பெற்று இதையே தொழிலாகச் செய்பவரை டூலா என்கிறார்கள். பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. அமெரிக்க மானுடவியலாளர் டானா ரஃபேல் 1973இல் தாய்ப்பால் பற்றி எழுதிய நூலில், பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசையாக இருக்கும் பெண்ணைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். பிறகு அது பிரசவ நேரத் துணையையும் குறிக்கத் தொடங்கியது.

டூலா வேறு, மருத்துவச்சி வேறு. மருத்துவச்சி பிரசவம் பார்ப்பவர். டூலாவோ உறவுக்காரத் துணையோ கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதிப்பதில்லை, ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை, மருந்து தருவதில்லை. மருத்துவ முடிவுகளிலும் தலையிடுவதில்லை. அவர் தருவது இடைவிடாத உடனிருப்பு. எத்தனையோ பேரைக் கவனிக்க வேண்டிய நர்ஸால் ஒருத்தியின் பக்கத்திலேயே இருக்க முடியாது. துணையால் முடியும்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு வீட்டில் நடந்த காலத்தில் இந்தத் துணைக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவாள். மருத்துவச்சி வந்து சேரும் முன்பே அம்மாவோ சித்தியோ பாட்டியோ பக்கத்தில் இருப்பார்கள். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தலபுராணம் இந்தத் தேவையின் மீதே எழுந்தது. பேறுகாலத்துக்கு வர வேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் சிக்கிக்கொள்ள, வலியில் தவித்த ரத்னாவதிக்குச் சிவபெருமானே தாய் வடிவில் வந்து துணையிருந்தார் என்கிறது அது. சுகப்பிரசவம் வேண்டி அங்கே இன்றும் வாழைத்தார் காணிக்கையாகச் செலுத்தப்படுகிறது.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது உயிர்களைக் காத்தது. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ரத்தப்போக்கு, வலிப்பு, கிருமித்தொற்று ஆகியவற்றால் நேரும் மரணங்களைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இந்த மாற்றத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. கூட வந்த அம்மா வராந்தாவில் நிறுத்தப்பட்டார். கதவுக்கு உள்ளே மகள் தனியாக இருந்தாள். பேறுகாலத் துணை என்ற ஏற்பாடு அந்தக் கதவைத் திறந்து, வீட்டின் ஆதரவையும் ஆஸ்பத்திரியின் பாதுகாப்பையும் ஓரிடத்தில் சேர்க்கிறது.

ஆய்வுகள் காட்டியவை

துணை இருப்பதால் என்ன மாறுகிறது என்பதை முதலில் அளந்தவர்கள் குழந்தை மருத்துவர்களான மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகியோரின் குழுவினர். குவாத்தமாலாவில் அவர்கள் செய்த ஆய்வு 1980இல் வெளியானது. முன்பின் தெரியாத, மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு பெண் பக்கத்தில் அமர்ந்து, பேசி, முதுகைத் தடவிக் கொடுத்தார். சிக்கலின்றிப் பிரசவித்த தாய்மார்களை ஒப்பிட்டபோது, துணை இல்லாதவர்களுக்குச் சேர்க்கையிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 19.3 மணி நேரமும் துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரமும் ஆகியிருந்தது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 412 பெண்களிடம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு செய்தியைச் சொன்னது. ஒரு பிரிவினருக்கு டூலா உதவினார். இன்னொரு பிரிவினரின் அறையில் ஒருவர் எதுவும் பேசாமல் குறிப்பெடுத்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. சிசேரியன் விகிதம் முறையே 8, 13, 18 சதவீதம். சும்மா ஓர் ஆள் இருந்ததற்கே பலன் தெரிந்தது. ஆதரவோடு இருந்தபோது அது இன்னும் கூடியது.

2017இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தொடர்ச்சியான துணை கிடைத்தவர்களில் சிசேரியன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. இயல்பான பிரசவம் அதிகம், வலி மருந்துத் தேவை குறைவு, பிரசவ நேரமும் சராசரியாக 40 நிமிடம் குறைவு. தீங்கு எதுவும் தென்படவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த எண்கள் அவசியமானவை. மேற்சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம். அரசு மருத்துவமனைகளில் 36, தனியார் மருத்துவமனைகளில் 63.8. இதற்குக் காரணங்கள் பல. துணை ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடாது. ஆனால் பெரும் செலவில்லாமல், ஆபத்தில்லாமல் உடனே செய்யக்கூடியது அது.

பயமும் வலியும்

கருப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன். மனம் அமைதியாக இருக்கும்போது, பாதுகாப்பாக உணரும்போது, அது தடையின்றிச் சுரக்கிறது. பயம் வந்தால் அட்ரினலின் மிகுந்து கருப்பையின் சுருக்கங்களைத் தளர்த்துகிறது. பயந்தவளின் தோளும் தாடையும் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. இறுக்கம் வலியைக் கூட்ட, வலி பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சங்கிலியை அறுப்பதற்குத் தெரிந்த முகமும் தெரிந்த குரலும் உதவுகின்றன. தமிழில் ‘வலி’ என்ற சொல்லுக்கு நோவு என்றும் வலிமை என்றும் இரு பொருள் உண்டு. துணையிருப்பவள் நினைவூட்ட வேண்டியது இரண்டாம் பொருளை.

அரசு தந்த உரிமை

தமிழ்நாடு அரசு 2004ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் துணையை அனுமதித்தது. துணையாக இருப்பவர் பெண் உறவினராக, இயன்றால் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை உடுத்த வேண்டும். பிரசவம் முடியும் வரை கூடவே இருக்கச் சம்மதிக்க வேண்டும். ஊழியர்களின் வேலையில் குறுக்கிடுவதோ அறையிலுள்ள மற்றப் பெண்களைக் கவனிக்கப் போவதோ கூடாது.

2017 டிசம்பரில் தொடங்கிய ‘லக்‌ஷ்யா’ திட்டம் பிரசவ அறைகளின் தரத்தை அளக்கும்போது துணையையும் மறைவையும் கணக்கில் கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தாய் விரும்பித் தேர்ந்தெடுக்கும் எவரும் துணையாக இருக்கலாம் என்கிறது. கணவரை அனுமதிக்கும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பல கட்டில்கள் போட்ட பொது அறையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை இல்லாமல் ஆண்களை அனுமதிப்பது மற்றப் பெண்களின் மறைவைக் கெடுக்கும். துணை நிற்க இடமும் திரையும் ஒரு ஸ்டூலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏழாம் மாதத்திலிருந்து

ஆயத்தத்தைத் தொடங்க வளைகாப்பு நல்ல தருணம். அன்று வளையல் பூட்டிய பெண்களில் யார் உள்ளே வரப்போவது என்று கர்ப்பிணியே முடிவு செய்யலாம். மூத்தவர் என்பதற்காகவோ மரியாதைக்காகவோ தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. பதறாதவர், பொறுமைசாலி, தன் பிரசவக் கதையைச் சொல்லிப் பயமுறுத்தாதவர் பொருத்தம். அவர் வர முடியாமல் போனால் யார் என்பதையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் துணையை ஒருமுறையாவது பரிசோதனைக்கு அழைத்துப் போவது நல்லது. துணை அனுமதி உண்டா, வலியின்போது நடக்க விடுவார்களா, எபிடியூரல் போன்ற வலி நிவாரணம் கிடைக்குமா, எந்தச் சூழலில் சிசேரியன் செய்வார்கள் என்று அங்கேயே கேட்டுவிடலாம். ரத்த வகை, ரத்தம் தர முன்வருபவர், நள்ளிரவில் வரக்கூடிய வண்டி, 108 எண் எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கட்டும். தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், துவைத்துக் காயவைத்த பழைய பருத்தித் துணிகள் ஆகியவற்றை 36ஆம் வாரத்துக்குள் ஒரு பையில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

நடைப்பயிற்சியும் மெதுவான மூச்சுப்பயிற்சியும் டாக்டர் தடை சொல்லாத வரை தொடரலாம். குழந்தை பெரிதாகிவிடும் என்று சாப்பாட்டைக் குறைப்பதும், வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் குடிப்பதும் வேண்டாம்.

வலி வந்த பிறகு

கடைசி வாரங்களில் வந்து வந்து போகும் வலியைச் சூட்டு வலி என்பார்கள். பல வீடுகளில் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஓய்வெடுத்தால் அது அடங்கிவிடும். உண்மையான வலி எது செய்தாலும் நிற்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோ கண்மங்கலோ வந்தாலோ, 37 வாரம் நிறையும் முன்பே வலி கண்டாலோ நேரம் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போய்விட வேண்டும்.

கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவம் வேகம் பிடிக்கும் கட்டம் தொடங்குகிறது. தலைப்பிரசவத்தில் அங்கிருந்து முழுத் திறப்புக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரம் முழுக்கப் படுத்தே கிடக்கத் தேவையில்லை. நின்றும் நடந்தும் உட்கார்ந்தும் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டம் சீக்கிரம் முடிகிறது. சிக்கல் இல்லாதவர்கள் தண்ணீரும் இலகுவான உணவும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வலி ஏறி இறங்க ஏறத்தாழ ஒரு நிமிடம். அடிவயிறு கல்லாக இறுகத் தொடங்கும்போதே அவள் கட்டில் கம்பியைப் பற்றுகிறாள். துணையிருப்பவள் உள்ளங்கையின் அடிப்பகுதியால், இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்குச் சற்று மேலே அழுத்தமாக ஊன்றுகிறாள். ‘மூச்சை மெதுவா விடும்மா… இன்னும் மெதுவா’ என்று தானும் சேர்ந்து நீளமாக மூச்சு விடுகிறாள். வலி உச்சியில் நிற்கும் சில நொடிகளில் பேச்சில்லை, கை மட்டும் எடுக்கப்படுவதில்லை. இறங்கும்போது, ‘இது போயிருச்சு, திரும்ப வராது’ என்கிறாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, ஒரு மடக்கு தண்ணீர் கொடுத்து, இறுகிய தோளைத் தளர்த்திவிடுகிறாள். அடுத்த வலிக்கு மூன்று நிமிடம் இருக்கிறது. இப்படியே எத்தனையோ முறை.

முழுதாகத் திறப்பதற்கு முன் ‘முக்கு, முக்கு’ என்று விரட்டக் கூடாது. முக்கும் உணர்வு தானாக வரும். வந்த பிறகு நர்ஸின் சொற்படி நடந்தால் போதும். வயிற்றை மேலிருந்து அமுக்குவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. துணையும் அதைச் செய்யக் கூடாது.

திட்டம் மாறும்போது

குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தாலோ பிரசவம் முன்னேறாமல் நின்றாலோ சிசேரியன் தேவைப்படலாம். அது தாயின் தோல்வி அல்ல, பத்து மாதம் சுமந்ததிலும் வலி தாங்கியதிலும் எதுவும் குறைந்துவிடுவதில்லை. எபிடியூரல் கேட்டுப் பெறுவதும் அப்படியே. இந்த நேரங்களில் துணையின் வேலை இன்னும் கூடுகிறது. என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டு அவளுக்குச் சொல்வதும், வெளியே காத்திருப்பவர்களின் பதற்றம் அவளை எட்டாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

குழந்தை பிறந்ததும் உடல்நிலை சரியாக இருந்தால் துடைத்து அப்படியே தாயின் மார்பில் போட வேண்டும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்தே வெட்டுவது நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும், சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கூடாது. நஞ்சுக்கொடி வெளிவந்த பிறகும் முதல் சில மணி நேரம் ரத்தப்போக்கு அதிகமாகிறதா, தாய்க்கு மயக்கம் வருகிறதா என்று கண் வைத்திருந்து நர்ஸிடம் சொல்வது துணையின் கடைசிக் கடமை. அவளைச் சாப்பிட வைத்து, குழந்தையோடு வார்டுக்கு மாற்றிய பிறகு துணையும் சற்றுக் கண்ணயரலாம்.