பெட்டியில 18,000 லூமென்... பாதையில எவ்வளவு?

போன நவம்பர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். எங்க மாமாவுக்கு பூப்பாறை பக்கம் சின்னதா ஒரு ஏலக்காய்த் தோட்டம் இருக்கு. வீடு போடியில. தினமும் போடிமெட்டு மலைப்பாதை ஏறி, தார் ரோட்டை விட்டு இறங்கி, நாலு கிலோமீட்டர் கல்லும் சேறுமா இருக்கிற பாதையில போகணும். வண்டி பொலிரோ கேம்பர், ஃபோர் வீல் டிரைவ். காலையில பனி, சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. கம்பெனி ஹெட்லைட் பத்தலன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தார்.

“மாப்ள, நீதான இன்ஜினியரிங் படிக்கிற? நல்ல லைட்டா ஒண்ணு பார்த்துப் போட்டுக் குடு.”

நானும் ஆன்லைன்ல பத்து நிமிஷம் தேடினேன். 180 வாட், 18,000 லூமென், வாட்டர்ப்ரூஃப், விலை 1,900 ரூபாய்னு ஒரு எல்.இ.டி. லைட் பார் கிடைச்சது. ஸ்டார் ரேட்டிங் நல்லா இருந்தது, ஆர்டர் போட்டேன். பக்கத்துல இருந்த எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்துல மாட்டிட்டார். முதல் நாள் ராத்திரி போட்டுப் பார்த்தப்ப தோட்டமே பகல் மாதிரி இருந்தது. மாமா என் தோள்ல தட்டினார். பெருமையா இருந்தது.

ரெண்டே வாரத்துல மூணு விஷயம் நடந்தது. லைட்டுக்குள்ள தண்ணி கோத்துச்சு. ஹெட்லைட் சுவிட்ச்ல இருந்து கருகின வாடை வந்தது. மூணாவதுதான் பெருசு. ஒரு சாயங்காலம் மலை இறங்கி வர்றோம், நான் பக்கத்து சீட்டுல. ஒரு வளைவுல எதிர்ல டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ல ஒருத்தர் வந்தார். எங்க வெளிச்சம் நேரா அவர் கண்ணுல அடிச்சது. வண்டி ஓரமாப் போய் தடுப்புச் சுவர்ல உரசி, ஆள் கீழே விழுந்துட்டார். முழங்கையில சிராய்ப்பு, ஒரு கண்ணாடி உடைஞ்சது, அவ்வளவுதான். “அண்ணே, ரோடே தெரியலண்ணே”ன்னு மட்டும் சொன்னார். சுவர் இல்லாத வளைவா இருந்திருந்தா?

அந்த லைட்டைத் தேர்ந்தெடுத்தது நான். அதனால, வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்க வேண்டியதை எல்லாம் அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சேன். தார், ஜிம்னி, பிக்கப், பழைய ஜீப்னு யார் வீட்டுல எது இருந்தாலும் இது உதவும்.

லூமென் வேற, தூரம் வேற

ஒரு லைட் எல்லாப் பக்கமும் சேர்த்து மொத்தமா எவ்வளவு வெளிச்சம் விடுதுங்கிறதுதான் லூமென். அந்த வெளிச்சம் எங்க போய் விழுதுன்னு அது சொல்லாது. மரத்து உச்சியில விழுந்தாலும் லூமென் கணக்குல அது உண்டு.

நமக்கு வேண்டியது ரெண்டு. ஒரு குறிப்பிட்ட திசையில எவ்வளவு செறிவா வெளிச்சம் போகுதுன்னு சொல்றது கேண்டெலா. தூரத்துல இருக்கிற பொருள் மேல எவ்வளவு விழுதுன்னு சொல்றது லக்ஸ். கேண்டெலாவைத் தூரத்தோட வர்க்கத்தால வகுத்தா லக்ஸ். 40,000 கேண்டெலா உள்ள லைட் 100 மீட்டர்ல 4 லக்ஸ் தரும், 200 மீட்டர்ல வெறும் 1 லக்ஸ்தான். தூரம் ரெண்டு மடங்கு வேணும்னா செறிவு நாலு மடங்கு ஆகணும். நல்ல தயாரிப்பாளர்கள் “இத்தனை மீட்டர்ல 1 லக்ஸ்”னு தெளிவாப் போடுவாங்க, பீம் படமும் குடுப்பாங்க. பெட்டியில லூமென் மட்டும் பெரிய எழுத்துல இருந்து, மத்தது எதுவும் இல்லன்னா சந்தேகப்படுங்க.

அந்த லூமெனே உண்மையான்னு பார்க்கவும் வழி இருக்கு. என் ரூம்மேட் இ.இ.இ. டிபார்ட்மெண்ட். அவன்கிட்ட டி.சி. கிளாம்ப் மீட்டர் வாங்கிட்டுப் போய் அந்த லைட் பாரை அளந்தேன். 12.6 வோல்ட்ல 4.2 ஆம்பியர். பெருக்கினா சுமார் 53 வாட். பெட்டியில போட்டிருந்தது 180! எப்படி வந்தது அந்த 180? உள்ள 60 எல்.இ.டி. இருக்கு, ஒவ்வொண்ணும் 3 வாட் வரைக்கும் தாங்கும்னு வச்சு 60 × 3. எண்ணிப் பெருக்கிட்டாங்க, அவ்வளவுதான். வாட்டுக்கு 100 லூமென்னு தாராளமா வச்சாலும் 5,300 லூமென்தான் வரும். அதுலயும் லென்ஸ் தாண்டி வெளிய வர்றது இன்னும் கம்மி.

எதுக்கு எந்த பீம்?

ஸ்பாட் பீம் குறுகலா, ரொம்ப தூரம் போகும். நேரான திறந்த பாதையில வேகமாப் போறவங்களுக்கு அது சரி. ஃப்ளட் பீம் பக்கத்துல அகலமா விரியும். மெதுவா ஊர்ந்து போகும்போது பள்ளம், பாறை, ஓரத்து வேர் எல்லாம் இதுலதான் தெரியும். டிரைவிங் பீம் ரெண்டுக்கும் நடுவுல. காம்போன்னு விக்கிற லைட் பார்ல நடுவுல ஸ்பாட், ரெண்டு ஓரத்துலயும் ஃப்ளட் இருக்கும்.

தோட்டப் பாதையில மாமா ஓட்டுறது 15 கிலோமீட்டர் வேகத்துல. 300 மீட்டர் தள்ளி இருக்கிற மரம் தெரிஞ்சு அவருக்கு என்ன ஆகப்போகுது? அவருக்கு வேண்டியது முன்னாடி 30 மீட்டரும், வளைவுல ரெண்டு பக்கமும். நீங்க எந்த வேகத்துல, எந்தப் பாதையில ஓட்டுறீங்கங்கிறதை முதல்ல முடிவு பண்ணுங்க. லைட்டை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், மாட்டுற இடம். கூரை மேல லைட் பார் போட்டா பார்க்க மாஸா இருக்கும். ஆனா பானெட் மேல பட்டுத் திரும்பி நம்ம கண்ணுலயே அடிக்கும். பனியில இன்னும் மோசம். லைட் நம்ம கண்ணுக்குப் பக்கத்துலயே இருக்கிறதால, பனித்துளியில பட்டு திரும்பி வர்ற வெளிச்சம் நேரா நமக்கே வரும். எதிர்ல வெள்ளையடிச்ச சுவர் நிக்கிற மாதிரி இருக்கும். ஃபாக் லேம்ப்பை பம்பருக்குக் கீழே வைக்கிறதுக்கும், அதோட பீம் மேல் பக்கம் கத்தி வெச்சு வெட்டின மாதிரி முடியறதுக்கும் காரணம் இதுதான்.

மஞ்சளா, வெள்ளையா?

“மஞ்சள் பனியைக் கிழிச்சிட்டுப் போகும்”னு எல்லா ஆக்சஸரீஸ் கடையிலயும் சொல்வாங்க. இயற்பியல் அப்படிச் சொல்லல. வானம் நீலமா இருக்கிறது காத்து மூலக்கூறுகள் ஒளியோட அலைநீளத்தை விட ரொம்பச் சின்னதா இருக்கிறதால. பனித்துளி அப்படி இல்ல. அலைநீளத்தை விடப் பல மடங்கு பெருசு. அதனால எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும்.

அப்ப மஞ்சள் சும்மாவா? அதுவும் இல்ல. நீலம் கம்மியான வெளிச்சத்துல கண் கூச்சம் குறைவா இருக்குன்னு நிறைய பேர் உணர்றாங்க. பிரான்ஸ்ல 1993 வரைக்கும் கார் ஹெட்லைட்டே மஞ்சளாத்தான் இருக்கணும்னு சட்டம் இருந்தது. பனி, தூசி, மழைக்கு 3,000 கெல்வின் பக்கம் இருக்கிற மஞ்சள் ஃபாக் லேம்ப் எடுக்கலாம். மத்த லைட்டுக்கு 5,000 கெல்வின் பக்கம் போதும். 6,500-க்கு மேல நீலம் அடிக்கிற லைட் ஷோரூம்ல அழகு. ஈரமான மண்பாதையில பள்ளம் எது நிழல் எதுன்னே பிரிக்க முடியாது.

உள்ள தண்ணி எப்படிப் போச்சு?

எங்க லைட் பார்ல ஐபி67னு அச்சடிச்சிருந்தது. முதல் எண் 6-ன்னா தூசி உள்ள போகாது. ரெண்டாவது எண் 7-ன்னா ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில 30 நிமிஷம் தாங்கும். ஆனா அது அசையாத தண்ணி. வாட்டர் வாஷ்ல பீய்ச்சி அடிக்கிற தண்ணிக்கு அந்த 7 பொறுப்பில்ல. அதுக்கு ஐபி69கே-ன்னு தனியா ஒரு சோதனை இருக்கு, அதிக அழுத்தத்துல சுடுதண்ணி அடிச்சுப் பார்ப்பாங்க. ரெண்டும் போட்டிருக்கிற லைட்டா பாருங்க.

நம்ம பாதையில இன்னொரு சிக்கல். லைட் ஒரு மணி நேரம் எரிஞ்சு சூடாகி, உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நிக்குது. அப்ப ஓடையில இறங்குறோம். சட்டுனு குளிர்ந்து உள்ள அழுத்தம் குறையும். ரப்பர் சீல்ல எங்க ஓட்டை இருக்கோ அங்கருந்து தண்ணியை உறிஞ்சி இழுக்கும். ஸ்ட்ரா மாதிரிதான். நல்ல லைட்ல பின்னாடி சின்னதா ஒரு வென்ட் இருக்கும். காத்தை விடும், தண்ணியை விடாது. நாங்க வாங்கினதுல அது இல்ல.

சூடுன்னு சொன்னேன்ல, அதையும் பார்த்துடுவோம். ஹாலஜன் பல்ப் சூட்டை வெளிச்சத்தோட சேர்த்து முன்னாடியே அனுப்பிடும். எல்.இ.டி. அப்படி இல்ல. அதோட சூடு பின்பக்கமா, உலோகம் வழியாத்தான் போகணும். போகலன்னா வெளிச்சம் குறையும், ஆயுசும் குறையும். அதனாலதான் பின்னாடி அலுமினியத் துடுப்புகள். கையில எடுத்துப் பாருங்க. ஒரே அளவு ரெண்டு லைட்ல ஒண்ணு காத்தாடி மாதிரி லேசா இருந்தா, மிச்சம் பிடிச்சது அங்கதான்.

லைட்டை விட வயர் முக்கியம்

கருகின வாடைக்கு வருவோம். எலக்ட்ரீஷியன் லைட் பாருக்கான கரண்ட்டை ஹெட்லைட் லைன்லருந்தே எடுத்துட்டார். ஏற்கெனவே ரெண்டு 60 வாட் பல்ப்புக்கு சுமார் 10 ஆம்பியர் போயிட்டிருந்த சுவிட்ச்ல இன்னும் நாலு ஏறிடுச்சு. அதுவும் போக, ஹை பீம் போட்டா பாரும் சேர்ந்தே எரியும். தனியா அணைக்கவே முடியாது. அந்த வளைவுல நடந்ததுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரியான முறை: பேட்டரியிலருந்து நேரா தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ், நடுவுல ரிலே. ரிலேல 30-ம் நம்பர் பின்னுக்கு பேட்டரி, 87-க்கு லைட், 85-ம் 86-ம் சுவிட்ச் சர்க்யூட்டுக்கு. சுவிட்ச் வழியா மில்லி ஆம்பியர்ல மட்டும்தான் போகும், சுமையை ரிலே தாங்கும். பத்து ஆம்பியர் வரைக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் போடுங்க.

இதைச் செய்யும்போது ஒரு ஆச்சரியம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.8 வோல்ட். ஹெட்லைட் ஹோல்டர்ல அளந்தா 12.3 தான். ஒன்றரை வோல்ட் பழைய வயர்லயும் சுவிட்ச்லயும் காணாமப் போயிருக்கு. ஹாலஜன் பல்ப்போட வெளிச்சம் வோல்டேஜோட சுமார் 3.4 அடுக்குல மாறும். கணக்குப் போட்டா மூணுல ஒரு பங்கு வெளிச்சம் போச்சு! ஹெட்லைட்டுக்கும் ரிலே போட்டு, மங்கின கண்ணாடியை பாலிஷ் பண்ணினதும் மாமா கேட்டது, “பல்ப்பு மாத்திட்டியா மாப்ள?” மாத்தவே இல்ல. அதனால புது லைட் வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிறதை அளந்து பாருங்க. ஹாலஜனுக்காகச் செஞ்ச ரிஃப்ளெக்டருக்குள்ள எல்.இ.டி. பல்பைச் சொருகுறதை மட்டும் செய்யாதீங்க. ஒளி பிறக்கிற இடம் மில்லிமீட்டர் கணக்குல மாறினாலே பீம் சிதறி, எதிர்ல வர்றவர் கண்ணுக்குப் போயிடும்.

சட்டம், அப்புறம் எதிர்ல வர்றவர்

மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 111-வது விதிப்படி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கவே கூடாது. விதிவிலக்கான சூழ்நிலைன்னா பதிவு அதிகாரியோட ஒப்புதல் வேணும். 106-வது விதி இன்னும் நுணுக்கமானது. 8 மீட்டர் முன்னாடி, ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கிற ஒரு கண்ணு கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கித் திரும்பியிருக்கணும்னு சொல்லுது. முன்னெல்லாம் இதை ஃபைன் போடறதுக்கான விதின்னு நினைச்சிருந்தேன். அந்த ஒன்றரை மீட்டர் எக்ஸ்.எல்.ல உட்கார்ந்திருக்கிறவரோட கண் மட்டம்தான். 40 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 11 மீட்டர். கண் தெளிய மூணு விநாடின்னு வச்சுக்கிட்டாக்கூட, அவர் 33 மீட்டர் குருடாப் போறார். மலைப்பாதையில 33 மீட்டருக்குள்ள ஒரு வளைவே வந்துடும்.

அதனால கூடுதல் லைட்டுன்னா ஆஃப் ரோடுக்கு மட்டும்தான். வாங்கும்போதே மூடி போட்டு மறைக்கிற கவர் இருக்கிறதா எடுங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு மாட்டுறது இன்னும் நல்லது.

கடைக்குப் போறப்ப கேட்க வேண்டியது

1. எத்தனை மீட்டர்ல 1 லக்ஸ்? பீம் படம் இருக்கா?
2. நிஜமா எத்தனை ஆம்பியர் இழுக்கும்?
3. ஐபி67 மட்டுமா, 69கே-யும் உண்டா? வென்ட் எங்க?
4. வட்டத்துக்குள்ள ‘ஈ’ எழுத்தும் நம்பரும் இருக்கா? அது ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை, நம்பர் எந்த நாடுன்னு காட்டும்.
5. ரிலே, ஃபியூஸோட வயரிங் கிட் வருதா?
6. தண்ணி புகுந்தா வாரண்ட்டி உண்டா?

இந்த ஆறுக்கும் பதில் தெரியாத கடைக்காரர் நல்லவராவே இருக்கலாம். ஆனா அவர்கிட்ட லைட் வாங்காதீங்க.

மாமா வண்டியில இப்ப கூரை மேல எதுவும் இல்ல. பம்பர்ல ரெண்டு சின்ன ஃப்ளட் லைட், கீழே ஒரு ஜோடி மஞ்சள் ஃபாக் லேம்ப். ஃப்ளட்டுக்குத் தனி சுவிட்ச். தோட்டத்துப் பாதை முடிஞ்சு தார் ரோடு தொடங்குற இடத்துல வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் ரெண்டு கவரையும் மாட்டிட்டுத்தான் ஏறுவார். மழையா இருந்தாலும் சரி. செலவு முதல் தடவையை விட நாலு மடங்கு ஆச்சு. எக்ஸ்.எல். அண்ணனுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்தது தனி.

அந்த 18,000 லூமென் லைட் பாரா? தண்ணியை வடிச்சுட்டு ஏலக்காய் ஸ்டோர் திண்ணையில மாட்டியாச்சு. மூட்டை ஏத்துறப்ப நல்லாத்தான் வெளிச்சம் குடுக்குது.