சாய்ந்த மதிலும் நஷ்ட ஈடும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன தென்னை ஒன்று நெடுநாளாக நின்றுகொண்டிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் வீட்டார் அதனை அண்ணாந்து பார்ப்பதும், அடுத்த மாதம் வெட்டிவிடலாம் என்று நான் சொல்வதும் வழக்கமாயிற்று. கடைசியில், தோட்ட வேலைகளை மொத்தமாக ஏற்றுச் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தேன். மரத்தை வெட்டிப் புதரையும் அப்புறப்படுத்த 9,000 ரூபாய் என்று பேசி முடித்தோம்; 4,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவருடைய ஆட்கள் மூவர் வந்தனர். பத்து மணிக்குள் தென்னை விழுந்தது. ஆனால் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. பின்மதிலில் 12 அடி நீளத்தைச் சாய்த்துக்கொண்டு, அண்டை வீட்டாரின் மாட்டுக் கொட்டகை ஓட்டின்மேல் தலைவைத்துப் படுத்துவிட்டது. நல்லவேளையாகக் கொட்டகையில் மாடும் இல்லை, மனிதரும் இல்லை.

செய்தி கேட்டு ஓடிவந்த ஒப்பந்தக்காரர் சொன்ன முதல் வார்த்தை இது: “மரத்தில் ஏறினவன் கயிற்றை முந்தி இழுக்கச் சொல்லிவிட்டான் ஐயா. அவன் கூலியில் பிடித்து உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.” அந்த மனிதன் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். ஓராண்டுக் கூலியைப் பிடித்தாலும் அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? என் மதிலுக்கு ஈடு வேண்டும். அது அவன் வயிற்றிலிருந்து வருவதை நான் விரும்பவில்லை. அப்படியானால் யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது, எங்கே கேட்பது? இவற்றை அறிந்துகொள்ள நான் பட்ட பாட்டையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

யாரிடம் என்பதற்குச் சட்டம் தெளிவாகவே விடை சொல்லுகிறது. வேலைக்கு அமர்த்தப்பட்டவன் அவ்வேலையைச் செய்யும்போது தன் கவனக்குறைவினால் பிறர்க்கு விளைக்கும் தீங்கிற்கு, அவனை அமர்த்திய முதலாளி பொறுப்பாளி ஆவார். எனக்கு வாக்குக் கொடுத்தவரும் ஒப்பந்தக்காரரே. ஆகவே நான் கேட்கவேண்டியது அவரைத்தான். “உங்கள் ஆளின் கூலிக் கணக்கு எனக்கு வேண்டாம், நம் இருவர் கணக்கைப் பேசுவோம்” என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் அவர் மற்றொரு வார்த்தை சொன்னார். “மாங்கன்றின்மேல் படாமல் கிழக்கே சாய்க்கச் சொன்னது ஐயாதானே!”

எனக்குச் சுருக்கென்றது. மாங்கன்றைக் காப்பாற்றச் சொன்னது உண்மை. கிழக்கே என்று கையைக் காட்டினேனா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் பிள்ளைகளை ஏவிப் பழகிய கை, காட்டியிருந்தாலும் வியப்பில்லை. இது சிறிய செய்தி அன்று. ஒரு வேலையை இன்ன தொகைக்கு முடித்துத் தருவதாக ஏற்று, செய்யும் முறையைத் தாமே வகுத்துக்கொள்பவர் தனி ஒப்பந்தக்காரர். அவருடைய கவனக்குறைவால் அண்டை வீட்டார்க்கு நேரும் சேதத்துக்கு, அவரை அழைத்த வீட்டுக்காரர் பொதுவாகப் பொறுப்பாவதில்லை. ஆனால் வீட்டுக்காரர் தாமே குறுக்கிட்டு இப்படிச் செய் என்று ஏவினாலோ, வேலை இயல்பிலேயே பெரும் அபாயம் உடையதானாலோ, அந்தப் பாதுகாப்பு குறைந்துபோகும். வேலை நடக்கையில் திண்ணையில் இருந்துகொண்டு யோசனை சொல்லும் என் போன்ற கிழவர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

அடுத்தது, எவ்வளவு என்பது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 73 ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கு ஈடு உண்டு. எங்கோ சுற்றிவளைத்து வந்த நஷ்டத்துக்கு இல்லை. இக்கருத்துக்கு மூலமாகச் சொல்லப்படுவது 1854 இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு. குளூஸ்டர் நகரத்து மாவு ஆலை ஒன்றில் எந்திரத்தின் சுழல்தண்டு முறிந்துபோயிற்று. அதனை மாதிரியாகக் கொண்டு புதியது செய்வதற்காகக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோக ஏற்றவர்கள் சில நாள் தாமதித்துவிட்டனர். அந்நாட்களில் ஆலை ஓடாததால் போன லாபத்தையும் அவர்களே தரவேண்டும் என்று ஆலைக்காரர் வழக்காடினார், கிடைக்கவில்லை. மாற்றுத் தண்டு இல்லை, தாமதமானால் ஆலையே நின்றுவிடும் என்பது கொண்டுபோனவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்பதே காரணம்.

என் கணக்குக்கு வருவோம். முதலில் நான் எழுதிய தொகை 31,000 ரூபாய். பழைய செங்கல் மதிலுக்குப் பதிலாக ஓரடி உயர்த்திப் புதுமதில் கட்டும் செலவு அதில் இருந்தது. என் மகள் அதைப் படித்துவிட்டு, “அப்பா, இடிந்தது அந்த மதிலா, நீங்கள் கட்ட நினைத்திருந்த மதிலா?” என்று கேட்டாள். நஷ்ட ஈடு என்பது இழந்ததை நிரப்புவது. இல்லாததை வாங்கிக்கொள்வது அன்று. கொத்தனாரை அழைத்து, இடிந்த 12 அடியை முன்போலவே கட்ட மதிப்பீடு எழுதி வாங்கினேன். 17,500 ரூபாய் ஆயிற்று. இடைவெளியை அடைக்க அன்றைக்கே வைத்த படலுக்கு 800 ரூபாய். அதனையும் சேர்த்தேன். ஏனெனில் நஷ்டம் மேலும் பெருகாமல் தடுக்கத் தக்க முயற்சியை நாமும் செய்யவேண்டும் என்பது அந்த 73 ஆம் பிரிவிலேயே அடங்கிய கருத்து. படல் கட்டாமல் இருந்து, ஒரு வாரம் கழித்து ஆடு புகுந்து வாழையைத் தின்றது என்று கணக்கெழுதினால் அது செல்லாது.

எங்கே என்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று உரிமையியல் நீதிமன்றம். ஒப்பந்த மீறலுக்கான நஷ்ட ஈட்டுக்கு அங்கே மூன்று ஆண்டுக் கெடு. மற்றொன்று மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1986 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. வழக்கறிஞர் இல்லாமல் தாமே சென்றும் பேசலாம். முறையீட்டுக்கு முன் யோசனை வேண்டுவோர் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காசு வாங்காமல் செய்த உதவி இச்சட்டத்தில் சேவை ஆகாது. நம் ஏவலின்படி நாள்கூலிக்கு வேலை செய்பவனுடைய ஊழியமும் ஆகாது. வேலையை முடித்துத் தருவதாக ஏற்ற ஒப்பந்தக்காரரின் பணியே இதில் அடங்கும். மருத்துவர் சேவை பற்றிய வழக்கில் 1995 இல் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விரிவாக எடுத்துரைத்தது. ஆகவே பேசிய தொகையையும் வேலையையும் ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதிக் கையொப்பம் வாங்குவது அவசியம். நான் வாங்கவில்லை. முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்ததும், மரத்தை அகற்றுமுன் பேரன் கைப்பேசியில் நாற்புறமும் படம் எடுத்து வைத்ததுமே எனக்குத் துணையாயின.

படங்களையும் கொத்தனார் மதிப்பீட்டையும் இணைத்து, பதினைந்து நாள் தவணை கொடுத்து, ஒப்புகை பெறும் அஞ்சலில் ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் எழுதினேன். கடுஞ்சொல் ஒன்றும் எழுதவில்லை. மாங்கன்றைப் பற்றி நான் சொன்னதையும் மறைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவர் வந்தார். பேசினோம். கொட்டகை ஓட்டை அவர் செலவில் மாற்றித் தருவது. எனக்கு 12,000 ரூபாய் கொடுப்பது. அதில் நான் தரவேண்டிய பாக்கி 5,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதியை இரண்டு தவணையில் செலுத்துவது. மரமேறியின் கூலியில் கை வைப்பதில்லை. இவற்றை இம்முறை எழுதி, இருவரும் கையொப்பம் இட்டோம். முதல் தவணை சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது ஒரு மாதம் பிந்தி வந்தது. மதில் பழைய உயரத்திலேயே நிற்கிறது.