ஆற்றங்கரையில் படித்த பாலைப் பாடம்

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்கள் தண்ணீரைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படாமல் போன 2016 போன்ற ஆண்டுகளில்தான் அந்தச் சிந்தனை எழும். மற்றபடி வீட்டுக்குப் பின்னே வாய்க்கால். பள்ளிவாசலுக்கு அருகே குளம். ஊர் எல்லையில் ஆறு. நீர் கிடைக்காதபோது மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யவேண்டும் என்ற சட்டத்தை மதரஸாவில் மனனம் செய்த சிறுவன், பாடம் முடிந்த மறுகணமே குளத்துப் படியில் இறங்கி ஒளுச் செய்துகொண்டு தொழுகைக்கு விரைவான். அய்யம்பேட்டையிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் இதே காட்சிதான்.

அந்தப் பாடம் யாருக்காக என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. முதுமையில் ஹஜ்ஜுக்குப் புறப்படும்போதுதான் விடை கிடைக்கிறது. அது வழிப்போக்கனுக்கான பாடம். பாலை நாட்டில் பயணம் செய்வோருக்கு இறைவன் அருளிய வழித்துணை.

ஜித்தாவிலிருந்து மக்கா ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தஞ்சையிலிருந்து நாகூர் செல்லும் தொலைவுதான். ஆனால், நாகூர் செல்பவர் எத்தனையோ ஆறுகளையும் வாய்க்கால்களையும் கடந்து செல்கிறார். மக்கா செல்பவர் ஓர் ஆற்றைக்கூடக் காண்பதில்லை. சவூதி அரேபியா முழுவதிலும் ஆண்டெல்லாம் நீர் ஓடும் ஆறு ஒன்றேனும் கிடையாது.

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை நம்மவர் அறிவர். பின்னாளில் தமிழகத்திற்கும் வந்து மதுரை சுல்தானைச் சந்தித்தவர் அவர். 1326ஆம் ஆண்டில் டமாஸ்கஸிலிருந்து ஹஜ் கூட்டத்தோடு சென்றபோது தபூக் என்னும் ஊரில் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். எதிரே நீரற்ற கொடும்பாலை இருந்ததால், கூட்டத்தினர் அங்கே நான்கு நாட்கள் தங்கினர். ஒட்டகங்களை வயிறார நீர் அருந்தச் செய்து, தோற்பைகளை நிரப்பிக்கொண்டனர். பின்னர் இரவு பகல் பாராமல் விரைந்து அந்த வழியைக் கடந்தனர். எங்கே தங்குவது, எங்கே விரைவது என்னும் அறிவே அவர்களைக் கரை சேர்த்தது.

ஒரு கழுத்து மாலைக்காக

தயம்மும் சட்டம் அருளப்பட்டதும் பயணத்தில்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் சென்றுகொண்டிருந்தபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தவறிவிட்டது. அதைத் தேடுவதற்காகக் கூட்டம் முழுவதும் நின்றது. நின்ற இடத்தில் நீர் இல்லை. கையிலும் நீர் இல்லை. தோழர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் முறையிட, அவர்கள் தம் மகளைக் கடிந்துகொண்டார்கள். பொழுது புலர்ந்தது. தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது. பிறகு புறப்படுவதற்காக ஒட்டகத்தை எழுப்பினார்கள். மாலை அதன் அடியிலேயே கிடந்தது!

ஒருவருடைய பொருளுக்காக ஒரு படையே காத்திருந்தது. அவ்வாறு காத்திருந்ததால் நேர்ந்த இடரே உலக முஸ்லிம்கள் அனைவருக்கும் ஒரு சலுகையைப் பெற்றுத் தந்தது. உடன் வருபவரை விட்டுச் செல்லாமை பாலைப் பயணத்தின் முதல் ஒழுக்கம் என்பதும் இதிலே அடங்கியிருக்கிறது.

இத்தகைய சலுகைகள் இன்னும் உண்டு. நான்கு ரக்அத்துகள் கொண்ட லுஹர், அஸர், இஷாத் தொழுகைகளைப் பயணி இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். எவ்வளவு நாட்கள் தங்கினால் இச்சலுகை நீங்கும் என்பதில் நம் பகுதியிலுள்ள ஷாபிஈ, ஹனபீ மத்ஹபினரிடையே வேறுபாடு உண்டு. ஆகவே புறப்படுமுன் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிதல் நலம். ரமலானில் பயணம் செய்பவர் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம். ஜகாத்தைப் பெறுவதற்குரிய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் பத்து வேலி நன்செய் உடையவராயினும், வழியில் பொருளிழந்து நிற்பாராயின் அவருக்கும் அதில் உரிமை உண்டு.

சலுகையை மறுக்கலாமா?

இவற்றை ஏற்பதில் நம் பெரியவர்கள் சிலருக்குத் தயக்கம் உண்டு. "இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு, சுருக்கித் தொழுவதா? வண்டியில் ஏறுவதா?" என்பார்கள். உடலை வருத்துவதே வணக்கம் என்பது அவர்கள் எண்ணம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில், மக்கள் ஒரு மனிதரைச் சூழ்ந்து நின்று நிழல் பிடிப்பதைக் கண்டார்கள். என்னவென்று வினவியபோது, அவர் நோன்பாளி என்றனர். பயணத்தில் இவ்வாறு நோன்பிருப்பது நற்செயல் ஆகாது என்று அறிவுறுத்தினார்கள். இயன்றவர் பயணத்திலும் நோற்றதுண்டு. விட்டவரை நோற்றவர் குறை கூறியதில்லை. இயலாதவர் தம்மை மாய்த்துக்கொள்வதையே அவர்கள் விரும்பவில்லை.

இது ஏதோ பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 முதல் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே விரைவு ரயில் ஓடுகிறது. ஒட்டகக் கூட்டங்கள் பத்துப் பன்னிரண்டு நாட்களில் கடந்த வழியை அது இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடக்கிறது. கடல்நீர் குடிநீராக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. ஆயினும் வெயில் மாறவில்லை. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் மாண்டனர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் ஒதுங்கிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். முறையாகச் செல்வதும், நிழலில் ஒதுங்குவதும், இளைத்தபோது அமர்வதும் மார்க்கத்திற்குப் புறம்பானவை அல்ல என்பதை இதற்கு மேலும் விளக்கவேண்டுமா?

இரு கைகள் அளவு

இந்தப் பயிற்சியை ஜித்தாவில் இறங்கிய பிறகு தொடங்க முடியாது. ஊரிலேயே தொடங்கவேண்டும்.

நோன்புப் பெருநாளன்று பித்ராவுக்காக ஒரு ஸாவு அரிசி அளக்கிறோம். நான்கு முத்துகள் சேர்ந்தது ஒரு ஸாவு. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே ஒரு முத்து. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்தார்கள். ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள். அரிசி அளக்கும் நம் கை, அந்த அளவை நன்கு அறியும். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளுச் செய்யும்போதுதான் அதை மறந்துவிடுகிறது.

ஹஜ்ஜுக்குச் செல்லும் பெரியவர்களை வழியனுப்ப ஊரே திரண்டு வருகிறது. துஆச் செய்யும்படி வேண்டுகிறது. அவ்வேளையில் பிள்ளைகள் அவர்களிடம் மற்றொன்றையும் வேண்டிக்கொள்ளட்டும்: "அத்தா, அல்லாஹ் தந்த சலுகையை மறுக்காதீர்கள். களைத்தால் உட்காருங்கள். உடன் வருபவர் களைத்தால் அவருக்காக நில்லுங்கள்."

குளத்துப் படியில் இறங்கிய அந்தச் சிறுவன் அன்று மனனம் செய்த பாடத்தின் பொருள் இதுவே.